முன்வலதின் இடது தோள்

கறுப்புக் கோட்டின் இடது கைக்குள் தன் கையை நுழைக்க செவ்வாய்க்கிழமை காலை முன்வலதுக்கு ஏழு நிமிடம் ஆயிற்று. முழங்கை வரை போன கை அதற்கு மேல் போக மறுத்துவிட்டது. மனைவி பின்னால் நின்று கோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முதல் மூன்று நிமிடம் குழந்தைக்குச் சட்டை மாட்டுகிறவளின் பொறுமை இருந்தது. மிச்ச நான்கு நிமிடமும் தலையணைக்கு உறை போடுகிறவளின் வேகம்.

"இப்படிப் போய் நின்னா உங்க மொதலாளிக்குத் தெரியாதா?"

"தெரியக்கூடாது. தெரிஞ்சா வார்னிஷ் ரூம்தான்."

முன்வலது என்பது பெயரல்ல, பதவி. அவர் வேலை பார்த்த இறுதிப்பயண நிறுவனத்தில் சவப்பெட்டியை ஆறு பேர் தோளில் சுமப்பார்கள். முன்னால் இருவர், நடுவில் இருவர், பின்னால் இருவர். யார் எந்த மூலையோ அதுதான் அவருக்கு அழைப்புப் பெயர். இருபத்திரண்டு வருடமாக வலப்பக்கத்து முன்மூலை இவருடையது. வலப்பக்கம் நடப்பவருக்குப் பாரம் இடது தோளில்தான் விழும் என்பதால், அவருடைய இடது தோள் வலது தோளைவிட ஒரு விரல்கடை தாழ்ந்து, சம்பளம் வாங்குகிற தோள் நான்தான் என்பதுபோல் தனியாகத் தடித்திருந்தது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

நிறுவனத்தின் பலகையில் 'துயரம் உங்களுடையது, பாரம் எங்களுடையது' என்று பொன்னெழுத்தில் எழுதியிருக்கும். எழுதியவர் முதலாளி. அவர் வாழ்நாளில் தூக்கிய அதிகபட்ச பாரம் ஒரு ரசமட்டம். சுவர் சரியாக இருக்கிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்ப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடும் மட்டம், அதுவேதான். தூக்கிய பெட்டியின் மூடிமேல் அதை வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். நின்றால் அது கண்ணியமான இறுதிப்பயணம். நகர்ந்தால் வீடு மாற்றுகிறவன் பீரோ தூக்கிய மாதிரி என்பார்.

முகத்துக்கும் அவர் விதி வைத்திருந்தார். சுமப்பவர் முகத்தில் பாரம் தெரியக்கூடாது. பாரம் இல்லாததும் தெரியக்கூடாது. துக்க வீட்டார் நம் முகத்தைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ளக்கூடாது என்று மாதம் ஒருமுறை வகுப்பெடுப்பார். அந்த வகுப்பில் கொட்டாவி விடுவதும் தடை.

தோள் போனவர்களை முதலாளி வேலையைவிட்டு அனுப்பமாட்டார். அதில் அவருக்குப் பெருமை உண்டு. பின்கட்டில் ஜன்னல் இல்லாத அறை ஒன்றில் பெட்டிகளுக்கு வார்னிஷ் அடிக்கப் போட்டுவிடுவார். இதற்கு முன் அப்படிப் போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் இருமிக்கொண்டே இருக்கிறார். இன்னொருவர் போன வருடம் இருமலை நிறுத்திக்கொண்டார். அவரை இந்த ஆறு பேர்தான் சலுகை விலையில் சுமந்தார்கள்.

தோள் எப்படிப் போயிற்று என்பதை நினைத்தால் முன்வலதுக்கே கேவலமாக இருந்தது. திங்கட்கிழமை சுமந்தது ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை ஒருவரை. முப்பத்தெட்டுக் கிலோ. பெட்டியின் எடைதான் அதிகம். மூடிமேல் இருந்த பூவிலிருந்து மகரந்தம் உதிர்ந்து அவர் மூக்குக்குள் போயிற்று. தும்மல் வந்தது. சுமக்கும்போது தும்முவது நிறுவன விதிப்படி குற்றங்களில் முதலாவது. இருபத்திரண்டு வருட அனுபவத்தையும் திரட்டி அவர் தும்மலை அடக்கினார். அது வெளியே போக வழியில்லாமல் இடது தோளுக்குப் போயிற்று. ஈரத்துணியைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம். முகத்தில் எதுவும் தெரியாமல் மிச்சம் இருநூறு அடியையும் நடந்து முடித்தார்.

மறுநாள் காலை அவசரமாகப் போய்ப் பார்த்த டாக்டர், தசை கிழிந்திருக்கிறது, மூன்று வாரம் சும்மா இருங்கள், தானாகக் கூடிவிடும் என்றார். சும்மா இருக்க முடியாது, சனிக்கிழமை ஒரு பெரிய வேலை இருக்கிறது என்று முன்வலது கெஞ்சினார். களிம்பு போடலாமா, வெளிச்ச வைத்தியம் என்கிறார்களே அது செய்யலாமா என்று கேட்டார்.

"ரெண்டையும் எலிங்களுக்குச் செஞ்சு பாத்திருக்காங்க. எலிங்களுக்குக் கொஞ்சம் கேக்குதாம்" என்றார் டாக்டர். "நீங்க எலி இல்லை. மூணு வாரம் சும்மா இருங்க."

சனிக்கிழமை வேலை சாமானியமானதல்ல. பிஸ்கட் ஆலை அதிபர் ஒருவர் இறந்திருந்தார். ஊரே அவரைப் பெரியவர் என்று அழைத்தது. வயதுக்காக மட்டுமல்ல, நூற்று முப்பத்திரண்டு கிலோ. வெளிநாட்டிலிருந்து மகன் வரவேண்டும் என்பதால் சனிக்கிழமை வரை ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் இருந்தார். மண்டபத்திலிருந்து கல்லறைத் தோட்டத்தின் கடைசி வரை நானூறு அடி சுமக்க வேண்டும். இதற்கிடையில் முதலாளியின் அக்கா மகன் ஒருவன் ஒரு மாதமாக நிறுவனத்தில் சுற்றிக்கொண்டிருந்தான். தோள்பட்டையை அலமாரித் தட்டு மாதிரி வளர்த்து வைத்திருந்த வாலிபன். முன்வலதின் இடத்தை அவன் பார்க்கிற பார்வை, பந்தியில் எழுந்திருக்கப் போகிறவரின் நாற்காலியைப் பார்க்கிற பார்வை.

யாரிடமும் சொல்லாதே என்று மனைவியிடம் அவர் சொல்லியிருந்தார். அவள் யாரிடமும் சொல்லவில்லை, தம்பியிடம் மட்டும் சொன்னாள். தம்பி வேற்றாளா என்ன.

மச்சினன் அன்று சாயங்காலமே ஒரு பெட்டியோடு வந்து இறங்கினான். முன்பு மீன்தொட்டி விற்றவன். பிறகு தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்றவன். இப்போது ஒளி சிகிச்சை நிலையம் வைத்திருந்தான். மூன்று தொழிலுக்கும் வெள்ளைக் கோட்டு ஒன்றுதான். பெட்டிக்குள் வளைந்த பட்டை ஒன்று, அதில் வரிசைக்கு எட்டாக அறுபத்துநாலு சிவப்பு விளக்குகள்.

"அத்தான், நம்ம ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் ஒரு கரண்ட் ஸ்டேஷன் இருக்கு. உங்களுது இப்ப தூங்குது. இந்த வெளிச்சம் போய்த் தட்டி எழுப்பும். எழுந்துச்சுன்னா தசை அதுவா நெய்துக்கும்."

"சனிக்கிழமைக்குள்ள நெய்துக்குமா?"

"வெள்ளிக்கிழமையே நெய்துடும். ஆனா ஒண்ணு. எந்தக் களிம்பும் பக்கத்துல வரக்கூடாது. பெரியக்கா வீட்டுக்காரர் ட்யூபைத் தூக்கிட்டு வருவாரு. வாங்கிப் பூசினீங்கன்னா வெளிச்சம் உள்ள போகாது. ஜன்னலுக்குத் தார் பூசின கதைதான்."

முன்வலது அவன் தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தார். பட்டையைத் தோளில் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்தார். கதகதப்பாக இருந்தது. வலி இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் இப்போது சிவப்பாக, பார்க்க நன்றாக இருந்தது.

மனைவி வேறு யாரிடமும் சொல்லவில்லை, அக்காவைத் தவிர. அக்கா வேற்றாளா என்ன. புதன்கிழமை காலை காப்பி ஆறுவதற்குள் சகலை வந்துவிட்டார். மருந்து மொத்த வியாபாரியிடம் விற்பனையாளர். எப்போதும் தோளில் ஒரு பை, அதில் ட்யூப்கள், வாயில் மூலக்கூறுகள். மச்சினனுக்கும் அவருக்கும் ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒளி நிலையத் திறப்பு விழாவில் சகலை நாலு பேர் முன்னால் அதைப் பல்பு வியாபாரம் என்று சொல்லிவிட்டார்.

"சகல, இது வீக்கத்தை அடக்குற மருந்து. மாத்திரை மாதிரி வயித்துக்குள்ள போய் ஊர் சுத்தாது. பூசின இடத்துலேயே எறங்கி வேலை பாக்கும்" என்றார் சகலை. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா பூசின இடத்துல வெளிச்சம் படக்கூடாது. வெயிலும் கூடாது. அந்தப் பய பல்பைக் கொண்டாந்து வெச்சான்னா தோல் பொத்துப்போகும். சீட்டுலயே போட்டிருக்கு. வெச்சுட்டானா?"

"சேச்சே" என்றார் முன்வலது.

சகலை போனபிறகு புருஷனும் மனைவியும் சமையலறையில் நின்று ஆலோசித்தார்கள். தம்பி மனசு நோகும் என்றாள் அவள். அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன் என்றும் அவளே சொன்னாள். தோளைப் பற்றி யாரும் பேசவில்லை. கடைசியில் காலையில் களிம்பு, சாயங்காலம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெளிச்சம் என்று தீர்மானமாயிற்று. இரண்டு வைத்தியம் சேர்ந்தால் இரண்டு மடங்கு சீக்கிரம் குணமாகும் என்பது முன்வலதின் கணக்கு. வண்டியில் முன்னால் ஒரு மாடு, பின்னால் ஒரு மாடு கட்டினால் இரண்டு மடங்கு வேகம் போகும் என்கிற கணக்கு.

வியாழக்கிழமை விடிந்தபோது இடது தோளில் அறுபத்துநாலு சிவப்புக் கொப்புளங்கள் வரிசை பிசகாமல் நின்றன. எட்டுக்கு எட்டு. மனைவி எண்ணிப் பார்த்து ஒன்றுகூடக் குறையவில்லை என்றாள். தசைவலி உள்ளே, எரிச்சல் வெளியே. உள்ளிருப்பது கோட்டுக்குத் தாங்காது, வெளியிருப்பது சட்டைக்கே தாங்காது. கடைசி வரிசை எட்டும் காலருக்கு மேல் எட்டிப் பார்த்தன. அவற்றின்மேல் அவள் தன் முகப்பவுடரை அப்பினாள். பவுடர் கறுப்புக் கோட்டில் உதிர்ந்தது. களிம்பின் கற்பூர நெடி அதற்கு மேலே வந்தது. அதை மறைக்க அத்தரைத் தெளித்தாள். வாசலைத் தாண்டும்போது முன்வலது, கல்யாணத்துக்குக் கிளம்பி வழியில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தவர் மாதிரி மணந்தார்.

அன்று பார்த்துத்தான் ஒத்திகை. பெட்டிக்குள் நூற்று முப்பத்திரண்டு கிலோவுக்கு மணல் மூட்டைகளை அடுக்கிவைத்திருந்தார்கள். முதலாளி வரிசையாக ஆறு பேரையும் மோந்துகொண்டே போனார். முன்வலதிடம் வந்ததும் நின்றார். துக்க வீட்டில் துக்கம்தான் மணக்க வேண்டும் என்றார். துக்கத்தின் மணம் எது என்று அவர் விளக்கவில்லை.

"தூக்கு" என்றார்.

தூக்கினார்கள். முன்வலதின் கண்ணுக்குள் சிவப்பு விளக்குகள் அறுபத்துநாலும் ஒரே சமயத்தில் எரிந்தன. முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஆனால் ரசமட்டத்தின் குமிழி, மாமியாரைப் பார்த்த மருமகள் மாதிரி மெல்ல நகர்ந்து ஒரு ஓரமாகப் போய் ஒதுங்கியது.

"முன்வலது, தாழுது."

"செருப்பு தேஞ்சிருக்குங்க."

அவசரத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. இடைவேளையில் கைக்குட்டையை நான்காக மடித்துத் தோளுக்கும் பெட்டிக்கும் நடுவே வைத்துக்கொண்டார். மறுபடி தூக்கியபோது குமிழி நடுவுக்கு வந்தது. அதோடு, உயர்ந்த மூலைக்கே பாரம் அதிகம் வரும் என்கிற விஷயமும் வந்தது. மணல் மூட்டைகள் மொத்தமும் அவர் தோளில் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. இருபதாவது அடியில் அவர் கால் மடங்கியது. பெட்டி ஒரு முழம் சாய்ந்தது. முதலாளியின் அக்கா மகன் ஓடிவந்து ஒற்றைக் கையால் தாங்கிப் பிடித்து, மாமாவைப் பார்த்துச் சிரித்தான்.

முதலாளி குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் பரவாயில்லை. ரசமட்டத்தைத் துணியால் துடைத்து உறைக்குள் போட்டுக்கொண்டே, சனிக்கிழமை குமிழி ஒரு மயிரிழை நகர்ந்தாலும் திங்கட்கிழமை முன்வலது பின்கட்டுக்குப் போகலாம், அங்கே காற்று கொஞ்சம் குறைவு, பழகிவிடும் என்றார்.

நடுவலது பெட்டியறையில் அவரைத் தனியாகப் பிடித்தார். பதினெட்டு வருடமாக அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டே நடந்தவர்.

"பவுடர் போட்டா நான் கண்டுபிடிக்கமாட்டேனாண்ணே? உங்க பிடரி எனக்கு என் பொண்டாட்டி மூஞ்சியைவிடப் பழக்கம். சனிக்கிழமை நாங்க அஞ்சு பேரும் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்குறோம். நீங்க சும்மா தோளைக் குடுங்க, போதும்."

முன்வலது தலையாட்டினார். ஆனாலும் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. சுமப்பதற்கு முன்னால், குளிர் அறைத் தட்டிலிருந்து ஆளைப் பெட்டிக்குள் மாற்றுகிற வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு பேர் போய்ச் செய்ய வேண்டும். தலைப்பக்கம் எப்போதும் முன்வலது. நூற்று முப்பத்திரண்டு கிலோவின் தலைப்பக்கத்தைக் குனிந்து தூக்கினால் சனிக்கிழமைக்குத் தோளே மிஞ்சாது.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். குடும்பத்தார் மிகவும் மனம் உடைந்திருக்கிறார்கள், எங்கள் ஆட்கள் வந்து கூட்டம் போட வேண்டாம், பெட்டியை மட்டும் அனுப்புகிறோம், உங்கள் ஆட்களே மரியாதையாகச் செய்துவிட்டால் புண்ணியம் என்று உருக்கமாகப் பேசினார். மறுமுனையில் இருந்தவர் ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெட்டியை வைத்துவிட்டுப் போங்கள் என்றார். அப்புறம் முன்வலது மற்ற மூன்று பேரிடமும் போய், ஆஸ்பத்திரியில் புது விதி, மாற்றுவதெல்லாம் இனி அவர்கள்தான் என்றார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் சொன்ன முதல் பெரிய பொய். மூன்று பேரும் நல்ல விதி என்று சொல்லி வீட்டுக்குப் போனார்கள்.

அன்று சாயங்காலம் மச்சினன் கட்டாயப்படுத்தி ஒரு மணி நேரம் வெளிச்சம் காட்டினான். கொப்புளங்களைப் பார்த்துவிடக்கூடாது என்று முன்வலது பனியனுக்கு மேலேயே கட்டிக்கொண்டார். அவன் போனபிறகு சகலை வந்து ட்யூபில் பாதியைப் பிதுக்கிவிட்டுப் போனார். அதையும் பனியனுக்கு மேலேதான். பனியனுக்கு எந்த வலியும் மிச்சமிருக்க வாய்ப்பில்லை.

சனிக்கிழமை காலை, வண்டி ஓட்டுநரோடு அவர் மட்டும் குளிர் அறைக்குப் போனார். வாசலில் தள்ளுவண்டிமேல் பெட்டி தயாராக, மூடி போட்டு நின்றது. ராத்திரி ஆள் வேலை முடிந்து போய்விட்டிருந்தான். காலை ஆள் இன்னும் வரவில்லை. முன்வலதுக்கு நிம்மதியில் கண் கலங்கியது. எட்டுத் திருகுகளையும் வலது கையால் முடுக்கினார். முதலாளி புதிதாக அறிமுகப்படுத்திய தரச் சான்றிதழை எடுத்துக் கட்டங்களில் குறி போட்டார். வார்னிஷ் பளபளப்பு, சரி. பித்தளைக் கைப்பிடி, சரி. திருகு எட்டு, சரி. பூ, சரி. கையுறை, சரி. காலணி மெருகு, சரி. மொத்தம் பதினான்கு கட்டம். கீழே கையெழுத்துப் போட்டார். ஓட்டுநர் தள்ளுவண்டியை ஒற்றைக் கையால் உருட்டிக்கொண்டுபோய் வண்டியில் ஏற்றினார். போன வாரம்தான் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டிருந்தார்கள்.

மண்டபத்தில் நிற்க இடமில்லை. பெரியவரை அவருடைய நல்ல நாட்களின் முகத்தோடு எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மகனின் விருப்பம். அதனால் பெட்டியைத் திறக்கவில்லை; மேலே சிரிக்கிற படம் ஒன்று வைத்திருந்தார்கள். ஐந்து பேர் பேசினார்கள். பிஸ்கட் சங்கத் தலைவர், இந்த மனிதரின் இடத்தை எவராலும் நிரப்ப முடியாது என்றார். இன்னொருவர், அவர் நம்மைவிட்டு எங்கும் போய்விடவில்லை என்று மூன்று தடவை சொல்லி மூன்று தடவையும் அழுதார். முன்வலதுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. தோளுக்குள் ஒரு நாடித்துடிப்பு. பின்கட்டு அறையின் நெடி. தனக்குப் பிறகு அந்தத் தூரிகையை யார் பிடிப்பார்கள் என்கிற நினைப்பு. ஐம்பத்திரண்டு வயதில் இதைவிட்டால் வேறு எவன் கூப்பிடுவான். கூட்டத்தில் மச்சினன் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். நாலு வரிசை தள்ளி, சகலையும் அப்படியே நின்றார்.

முதலாளி கண்ணைக் காட்டினார். ஆறு பேரும் குனிந்தார்கள்.

முன்வலது பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தார். நிமிர்ந்தபிறகும் பல்லைக் கடித்தே வைத்திருந்தார், வலி வருவதற்காக. அது வரவில்லை. கொப்புளத்தில் கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான். பத்து அடி நடந்தார். இருபது அடி நடந்தார். கால் மடங்கின இருபதாவது அடியைத் தாண்டி, மண்டபப் படியில் இறங்கி, சரளைக்கல் பாதையில் திரும்பினார். தோள் தோளாக இருந்தது. கிழிந்தது எதுவோ அது நெய்துகொண்டுவிட்டது. ஐந்து நாளில் முதல்தடவையாக அவர் முழு மூச்சு விட்டார். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. பின்னால் ஐந்து முகங்களிலும் எதுவும் தெரியவில்லை. முதலாளி பக்கவாட்டில் நடந்தபடியே ரசமட்டத்தை மூடிமேல் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் செத்துக் கிடந்தது.

குழிக்குள் கயிறு கட்டி இறக்கினார்கள். கயிறு பிடித்தவர்களும் அவர்களே, அதனால் அங்கேயும் முகத்தில் எதுவும் தெரியவில்லை. மண் தள்ளினார்கள். மகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட்டம் கலைந்து வாகனங்களை நோக்கி நகர்ந்தது.

சுற்றுச்சுவர் ஓரமாக மச்சினன்தான் முதலில் வந்து பிடித்தான். நானூறு அடியையும் படம் எடுத்துவிட்டதாகவும், நிலைய வாசலில் போட்டுக் காட்டப்போவதாகவும், ஒளியின் வெற்றி என்று தலைப்புக்கூட யோசித்துவிட்டதாகவும் சொன்னான். பேசி முடிப்பதற்குள் சகலை வந்து முன்வலதின் தோளை உரிமையோடு அழுத்தினார். காலர் விலகியது. எட்டுப் புள்ளிகள் வெளியே வந்தன.

"சகல, இது என்ன?"

மச்சினனும் குனிந்து பார்த்தான். பார்த்ததோடு மோந்தும் பார்த்தான்.

"அத்தான், இது என்ன நெடி?"

முன்வலது உண்மையைச் சொல்லிவிட்டார். குணமான மனுஷனுக்கு உண்மையைச் சொல்வதில் என்ன கஷ்டம். இருவரும் ஒரு வருட மௌனத்தைக் கலைத்து, அவர் தலைக்கு மேலே நேரடியாகப் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். பல்பு என்றார் ஒருவர். பசை என்றான் ஒருவன். கொஞ்ச நேரத்தில் சண்டை சதவிகிதக் கணக்குக்கு இறங்கியது. மச்சினன் தனக்கு எண்பது கேட்டான். சகலை அறுபதுக்குக் கீழே இறங்க மறுத்தார். நூற்றுக்கு மேல் போகிறதே என்று முன்வலது சொல்லிப் பார்த்தார். நோயாளி இதில் தலையிட வேண்டாம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அதற்குள் நடுவலது அவரைச் சைகை காட்டித் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, இன்னிக்கு உங்க பங்கையும் சேர்த்து நான்தான் தாங்கினேன். யார்கிட்டயும் சொல்லிக்கல. உங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

முன்வலது கையைப் பிடித்து நன்றி சொன்னார். இரண்டு நிமிடத்தில் முன்னிடது வந்து அதையே சொன்னார். பின்வலது வந்து, மற்றவர்கள் சும்மா நடந்தார்கள், பாரம் முழுக்க என்மேல்தான், நாளைக்கு இடுப்பு எழாது என்றார். நடுவிடது தன் தோளைத் தேய்த்துக்கொண்டே நின்று, நன்றியை வாங்கிக்கொண்டுதான் போனார். பின்னிடது மட்டும் கொஞ்சம் யோசனையாகவே இருந்தார். பிறகு அவரும் சொன்னார்.

கடைசியாக முதலாளி வந்தார். பக்கத்தில் அக்கா மகன் சுண்டிப்போன முகத்தோடு நின்றான். களிம்பும் இல்லை, வெளிச்சமும் இல்லை, எல்லாம் என் ஒத்திகை என்றார் முதலாளி. நூற்று முப்பத்திரண்டு கிலோவைக் குமிழி அசையாமல் நானூறு அடி கொண்டுபோன நிறுவனம் வேறு எங்கேயாவது உண்டா என்று சுற்றுச்சுவரைப் பார்த்துக் கேட்டார். உயிரோடு இருக்கும்வரை அந்த மூலை முன்வலதுக்குத்தான், வார்னிஷ் அறைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அக்கா மகன் கையிலிருந்த தரச் சான்றிதழை வாங்கி, முன்வலதின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் பெரிதாகப் போட்டார்.

முன்வலது முதலாளியின் கையைப் பற்றிக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் முதல்தடவையாக அவர் முகத்தில் ஏதோ தெரிந்தது. முதலாளி அதைப் பெரிய மனதோடு கண்டுகொள்ளவில்லை.

வண்டி ஓட்டுநர் கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே கல்லறைகளுக்கு நடுவில் அவசரமாக நடந்து வந்தார். வாயருகே கையை வைத்து மறைத்துக்கொண்டு, மரியாதையாகத்தான் சொன்னார்.

"மொதலாளி, ஆஸ்பத்திரி குளிர் ரூம்லேருந்து போன். பெரியவர் ரொம்ப கனமா இருக்காராம், எடுக்க வர்றப்ப எட்டுப் பேரா வரச் சொல்றாங்க."